ஒட்சிசன் வளைவும் தேயிலைத் தூசியும்

மச்சான்,

உன் ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றியிருந்த துணிப்பையைப் பிரித்ததும் கடை முழுக்கத் தேயிலை மணத்தது. போன் திருத்த வந்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டுவந்து கொடுத்தது உன் மனைவி.

"ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு அண்ணே. நான்தான் இத்தன நாளா அந்த அலுமாரியத் தொடல" என்றாள். பிறகு நின்றபடியே கேட்டாள். "அவரு படத்துல இருந்தது நெசமாவே தூசிதானா? நீங்க அப்புடிச் சொன்னதுக்கப்புறம் ரெண்டு நாளு அவரு சரியாச் சாப்புடல. கடத்தெருவுக்குப் போயிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு முன்னால வாறேன். பாத்துச் சொல்லுங்க."

அப்போது மணி ஒன்றரை. ஹட்டன் முழுக்க மழை.

அந்தப் பை உன் கண்டுபிடிப்பு. நம் பனிமூட்டத்தில் கெமராவுக்குப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, வேலை செய்த தொழிற்சாலையிலிருந்து சுடச்சுடக் காய்ந்த தேயிலையைக் கட்டிவந்து பெட்டிக்குள் வைத்தாய். "காஞ்ச தேயில மாதிரி ஈரத்த உறிஞ்சுறதுக்கு வேற ஒண்ணும் கெடையாது மச்சான்" என்பாய். ஈரம் போனது உண்மை. தூசி கசிந்ததும் உண்மை.

மாசியில் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் உள்ள மேட்டில் தொலைநோக்கியை வைத்து, திருவாதிரைக்குக் கீழே கண்ணுக்கே தெரியாத அந்த மங்கலான வாயு மேகத்தை, நெபுலாவை, படமெடுத்தாய். ஒட்சிசன் வெளிவிடும் ஒளியை மட்டும் உள்ளே விடுகிற வடிகட்டி. பத்துப் பத்து நிமிடப் படங்கள். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபோது ஓரத்தில் நூல் மாதிரி ஒரு வளைவு வந்தது. நாம் பார்த்த எவருடைய படத்திலும் அது இல்லை. வானத்தைப் படமெடுக்கிற நம் வட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்னன்னு பாருங்க" என்று மட்டும் எழுதினாய்.

என் நாக்கில் சனி. "தேயிலத் தூசி. அள்ளி டீ போட்டுக் குடி" என்று அத்தனை பேர் முன்னால் எழுதினேன். சிரிப்புப் படங்கள் குவிந்தன. காரணம் இல்லாமல் சொல்லவில்லை. தூசியின் நிழலைக் கழிப்பதற்காக, தொலைநோக்கி வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஒரு படம் எடுப்போமே, அதன்பின் தூசி நகர்ந்துவிட்டால் பழைய இடத்தில் பொய்யாக ஒரு வெளிச்ச வளையம் விழும். அதுதான் இது என்று நினைத்தேன். உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீ பதில் போடவில்லை. நீயே முதலில் பேசட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். மூன்றாவது வாரம் வேலை செய்யுமிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய், பிறகு எழவேயில்லை.

டிஸ்க்கில் கடைசியாக இருந்த கோப்புறைக்கு நீ வைத்த பெயர்: "அவனே பாக்கட்டும்".

உள்ளே அதே நெபுலாவின் புதிய படங்கள், நான் சிரித்ததற்குப் பிறகு எடுத்தவை. கூடவே ஒரு குறிப்பு. "பைய வெளிய எடுத்தாச்சு. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்." நெபுலா உச்சியைத் தாண்டியதும் தொலைநோக்கியை மறுபக்கம் திருப்ப வேண்டும், வானம் படத்தில் தலைகீழாகிவிடும். தூசி மட்டும் கெமராவோடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே தலைகீழ்ப் படங்களை நிமிர்த்தி வைத்தால் தூசி எதிர்மூலைக்குத் தாவும், வானத்தில் இருப்பது தாவாது. தப்ப முடியாத சோதனை. அடுக்கிப் பார்க்கும் வேலையை மட்டும் எனக்கு விட்டிருந்தாய்.

முதல் பாதியை அடுக்கினேன். வளைவு இருந்தது. அதனால் ஒன்றும் தீரவில்லை. இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது. கிழட்டு மடிக்கணினி, பட்டரியில் பாதிகூட இல்லை. கடையைச் சாத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு மனம், தூசியாகவே இருந்துவிட்டால் நான் தப்பினேன் என்று இன்னொரு மனம். சீ, என்ன மனிதன் நான்!

அடுக்கி முடிந்தது. வெளிச்சத்தைக் கூட்டக் கை பரபரத்தது. "கூட்டிக்கிட்டே போனா இல்லாததும் தெரியும்டா" என்று அடிக்கடி சொல்வாயே, அதை நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அதே இடம். அதே இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் அதே வளைவு.

இருந்தது மச்சான். நீ பார்த்தது இருந்தது.

இரண்டு பாதியையும் சேர்த்தபோது எதிரெதிர் மூலைகளில் இரண்டு குட்டி வளையங்கள் தெரிந்தன. பையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு தூசி, அங்கும் இங்கும் தாவியிருந்தது. வளைவு அசையவில்லை.

கதவைத் தட்டி, நனைந்தபடி வந்தாள் உன் மனைவி. "தூசி இல்ல தங்கச்சி. நான்தான் தப்பு" என்று திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"இத்துனூண்டுக்கா அந்தப் பாடு பட்டாரு?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்கிட்டச் சொல்லி என்ன அண்ணே? சிரிச்ச எடத்துல சொல்லுங்க."

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே குழுவில் போட்டேன். படம் உன்னுடையது, தூசி என்று சொன்ன பிழை என்னுடையது என்று எழுதினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

உன் பை இப்போது என் கெமராப் பெட்டியில் இருக்கிறது. மூலையில் உள்ள அந்த இரண்டு வளையங்களை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம், நான் அழிக்கவில்லை. திட்டுவாய், தெரியும். குழுவில் யாராவது அது என்னவென்று கேட்டால் சொல்ல வேண்டியதை வைத்திருக்கிறேன்: அது மட்டும்தான் தேயிலைத் தூசி.