மருத்துவரிடம் நான் சொன்ன பொய்

தோங்யோங்,
பிப்ரவரி 11

அன்பு மகன் சாங்ஹியோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் மனைவி யூன்சல், குழந்தை மூவரும் சுகமாக இருக்கிறோம், கத்தாரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கிம்ச்சி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், புளித்து டப்பா உப்பியிருந்தால் பயப்படாதே, மெதுவாகத் திற. குழந்தை இரண்டு கிலோ முந்நூறு ஆகிவிட்டாள், கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்த அன்று போனில் நீ, "அவ உடம்ப ஒழுங்கா பாத்துக்கலயா" என்று கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது தப்பு. யூன்சலிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், எழுதுங்கள் என்றாள். ஏழாம் மாதத்தில் ஒருநாள் துணி காயப்போடப் போனேன், பால்கனியில் பீச் பழ வாசனை, யூன்சல் பேனா மாதிரி ஒன்றைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மின்சிகரெட். "வெறும் ஆவிதான்னு நெனச்சு சிகரெட்ட விட்டுட்டு இதுக்கு மாறினேன் அத்தை, இப்ப இதையும் விட முடியல, ஏதாவது உதவி பண்ணுங்க" என்று அழுதாள். எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. "வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு என்னடி கேடுகெட்ட வேல இது, வெளிய தெரிஞ்சா சிப்பி உரிக்கிற கொட்டகைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போவேன்" என்று கத்தினேன். மறுவாரம் மருத்துவர், புகைப்பழக்கம் உண்டா என்று அவளைக் கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "எங்க வீட்டுப் பொண்ணுக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். குழந்தை ஐந்து வாரம் முந்திப் பிறந்தது, ஒரு கிலோ எண்ணூறு. இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். ஆனால் அவளுக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தடுத்தது நான்தானே.

இன்னொன்றும் இருக்கிறது. நீ வயிற்றில் இருந்தபோது, சிப்பி உரிக்கும் கொட்டகையின் கழிப்பறையில் ஒளிந்து நானும் தினம் மூன்று சிகரெட் பிடித்தேன். உன் அப்பாவுக்குச் சாகும்வரை தெரியாது. மருத்துவமனை வராந்தாவில் யூன்சலிடம் இதைச் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள், அவ்வளவுதான். போன வாரம் சுகாதார மையத்துக்கு அவளே போய் உள்ளதைச் சொல்லி உதவி கேட்டாள், நான் கூடப் போனேன், ஆனால் என்னை வெளியிலேயே உட்காரச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அதைத் தொடவில்லை, எரிந்து விழுகிறாள், விழட்டும்.

நீ அவளுக்குப் போன் செய்தால் இதைத் துருவித் துருவிக் கேட்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். திட்டத் தோன்றினால் என் எண்ணுக்கு அடி. நோய்நொடியில்லாமல் இருந்து, உன் மகளைத் தூக்க நல்லபடியாக வந்து சேர். அவளை இன்னும் என் கையில் தரவில்லை யூன்சல், நானும் கேட்கவில்லை.

உன் அம்மா,
ஹ்வாங் மால்சுன்