முதலில் ஏறியவர்

அன்புள்ளவளுக்கு,

கால் தேறி வருகிறது. பனியில் கறுத்த இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பூட்ஸ் போட்டால் வெளியே தெரியாது.

“கடைசி நேரத்துல அண்ணன் பக்கத்துல நீங்க இருந்தீங்களே, அது போதும்” என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

சிகரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைக்குப் பின்னால் நாங்கள் இருவரும் ஒண்டியிருந்தோம். மேலே எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஓயவில்லை. முதலில் ஏற வேண்டியவன் நான். கயிற்றைப் பிடித்தேன், கால் நகரவில்லை. குளிரின் மேல் பழி போடலாம், ஆனால் அது குளிர் இல்லை.

உன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். “மாப்ள, பூட்ஸ் லேஸ் அவுந்திருக்கு பாரு. கட்டிட்டு வா, நான் முன்னால போறேன்” என்றார்.

லேஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். நான் குனிந்து, அதை அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.

நான் மேலே போனபோது துப்பாக்கி அடங்கியிருந்தது. அதை அடக்கியவர் அதன் பக்கத்திலேயே கிடந்தார், உயிர் இல்லை. பின்னால் வந்த அதிகாரி என் தோளைத் தட்டி, “முதல்ல ஏறினது நீதானே?” என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். நம் தெருவே கொண்டாடும் பதக்கம் அந்தத் தலையாட்டலுக்குக் கிடைத்தது.

இன்று அதிகாரியிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதக்கம் உன் அம்மாவிடம் போய்ச் சேரும் என்கிறார்கள். ஏன் என்று அம்மா கேட்டால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

அடுத்த வாரம் என்னை வீட்டுக்கு அனுப்புவார்களாம். நீ கதவைத் திறப்பாயா என்று தெரியாமல் வர மனம் இல்லை. ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

உன் வீட்டுக்காரன்