பரணில் இருந்த ஸ்பிரிங்குகள்

பூஞ்சாறு,
ஞாயிறு, குர்பானைப் பூசை முடிந்து.

அன்பு மகன் ஷிஜோவுக்கு அப்பச்சன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மச்சியும் சுகமாக இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் உனக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் ஏன் பேனாவை எடுத்தான் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்ல ரெண்டு தடவை வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் பலாப்பழம் விழுந்தது, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது என்று எதையோ பேசி வைத்துவிட்டேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், உன் 800 கார் டெஸ்டில் பாஸாகிவிட்டது, இன்னும் ஐந்து வருஷத்துக்கு ரோட்டில் ஓடலாம். அது எப்படிப் பாஸானது என்பதைத்தான் உன் முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம் அல்லவா, அப்போது பரணைக் காலி செய்தேன். சாக்குக்குள் நாலு ஸ்பிரிங், நாலு இரும்புச் சக்கரம், ஒரு சைலன்சர். எல்லாவற்றிலும் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தாய். காருக்கு அடியில் பளபளவென்று புதுசு மாட்டி, வயிறு தரையில் உரசுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இந்தத் துரு எதற்கு என்று கோழிக்கூட்டுக் கம்பியோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது மகனே, தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டால் வேண்டாம் என்பாய் என்றும் தோன்றியது, அதனால்தான் கேட்கவில்லை. உன் கார் மேல் எனக்கு இருந்த கடுப்பு உனக்குத் தெரியும்.

அப்புறம் நீ போன் செய்தாய். காருக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது, மாசக் கடைசிக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், கம்பெனியில் வந்த மாதிரியே இருந்தால்தான் பாஸ் போடுவார்கள், பரணில் இருக்கிற ஒரிஜினலை அன்ஷாத் வந்து மாட்டிக்கொள்வான் என்றாய். நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ம் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த கையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இரும்புக்கடைக்கு ஓடினேன். லோடு எப்போதோ மலை இறங்கி கோயம்புத்தூர்ப் பக்கம் உருக்குவதற்குப் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, அம்மச்சி வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கஞ்சி வைத்துத் தந்தாள், அதையும் உண்மையைச் சொல்லாமல் குடித்தேன்.

அன்ஷாத் வந்தான். உன் சிநேகிதனைப் பார்க்கிறபோதெல்லாம் வண்டி கெடுக்கிற டாக்டர் வந்தாச்சா என்று நான் கேலி பேசுவேனே, அவன் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, அப்பச்சா மேல சாக்கைக் காணோமே, வேற எங்கயாச்சும் மாத்தி வச்சீங்களா என்று கேட்டான். சொல்லிவிட்டேன். அவன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாகச் சொன்னான், அப்பச்சா, பழசு பத்திரமா இருக்குங்கற தைரியத்துலதான் நாங்க புதுசையே மாட்டுறோம், டெஸ்டுக்கு முந்தின நாள் பழசைப் போடுவோம், மறுநாள் கழட்டிடுவோம், நம்ம ஊர்ல பரண் காலியா இருக்கற வண்டிக்காரனே கிடையாது என்று. பழைய மாடலாம், கடையில் சொல்லி வைத்து வாங்கினால் தேதி தாண்டிவிடுமாம். இரவல்தான் வாங்கணும், ஆனா நீங்களும் கூட வரணும், நான் தனியாப் போனா வேற எவன் காருக்கோ கேக்கறேன்னு நினைப்பாங்க என்றான்.

போனேன். முதல் வீடே ரப்பர் தோட்டத்துக் குரியாச்சன் வீடு. அவனுடைய ஜீப்பை ஆள் உயரச் சக்கரம் போட்டுத் தூக்கி வைத்திருக்கிறானே, அதற்கு ஏணி எங்கே என்று சந்தையில் வைத்து நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன். வாசலில் என்னைப் பார்த்ததும், வா மாத்தச்சா, ஏணி கொண்டு வந்தியா என்றான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன்டா, நீ பஸ் ஓட்டின காலத்துல மூணு ஹாரனும், மாதா படத்தைச் சுத்திக் கலர் பல்பும், ஸ்டீயரிங்குக்குக் குஞ்சலமும் வச்சிருந்தியே, அதெல்லாம் கம்பெனியில வந்ததா என்று கேட்டான். ஆனாலும் மனைவியின் 800 காருக்கு வந்த பழைய சக்கரம் நாலையும் அவனே தூக்கி வந்து வைத்தான். ஸ்பிரிங்கும் சைலன்சரும் எங்கே கிடைத்தது தெரியுமா, வங்கி மேனேஜர் அம்பிகா மேடம் வீட்டில். வெளியே பார்த்தால் ஜன்னலில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லாத 800 கார், ஒழுங்காக வண்டி வைத்திருக்கிற ஆள் என்று உனக்கே உதாரணம் காட்டியிருக்கிறேன். உள்ளே என்னென்னவோ மாற்றியிருக்கிறாராம். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்து, ஜாக்கிரதை சார், டெஸ்ட் முடிஞ்சதும் கையோட கொண்டு வந்துடுங்க, எங்க வீட்டுக்காரரையே இதைத் தொட விடமாட்டேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினேன்.

திரும்பி வருகிற வழியில் ஸ்பிரிங்கை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு கட்டிக் காத்தவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாமே என்று வாய்விட்டுச் சொல்லி, பழியில் கொஞ்சம் உன் மேலும் தள்ளப் பார்த்தேன். அன்ஷாத் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். உங்களுக்குத் தெரியாதா அப்பச்சா, உங்க குடல் ஆபரேஷன் முடிஞ்சு பாலா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தோமே, அதுக்கு முந்தின நாள் நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்தச் சாக்குல இருந்த எல்லாத்தையும் அவன் கார்ல மாட்டினோம், தையல் வலிக்கக் கூடாதுன்னு, ஒரு வாரம் அப்படியே ஓட்டினான், உங்ககிட்ட சொன்னா ஏறமாட்டீங்கன்னு சொல்லலை என்றான்.

மகனே, எனக்கு அந்தப் பயணம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு குலுக்கல் இல்லை. பரவாயில்லையே, ரோடு போட்டுவிட்டார்கள் என்று நான் சொன்னேன், நீ ஓட்டிக்கொண்டே ஆமாம் அப்பச்சா என்றாய். பஞ்சாயத்து மெம்பரைக் கூப்பிட்டு நன்றிகூடச் சொன்னேன், அந்த ஆளும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். அந்த ஸ்பிரிங்கைத்தான் நான் கோழிக்கூட்டுக் கம்பியோடு போட்டிருக்கிறேன். நான் செய்தது தப்பு, பெரிய தப்பு. என்னை மன்னித்துக்கொள்.

டெஸ்ட் முடிந்ததும் இரவல் சாமானை எல்லாம் துடைத்து, நானே அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ஷாத் தன் இடத்தில் வைத்து உன் பளபளப்புச் சாமானைத் திரும்ப மாட்டினான். வீடு வரைக்கும் உன் காரிலேயே வருகிறேன் என்று நானாகக் கேட்டு ஏறிக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து வருகிற மாதிரி இருந்தது, ஒவ்வொரு குழியும் இடுப்பில் வந்து இடித்தது, ரோடு ஒன்றும் போடவில்லை என்று அப்போது தெரிந்தது. நான் ஒரு முனகல்கூட விடவில்லை, எனக்கு அது வேண்டியதுதான். நம் வீட்டு வளைவில் திரும்பும்போது உன் சைலன்சர் உறுமியது. என் பஸ் ஹாரன் அந்த வளைவில் கேட்டால் அம்மச்சி டீக்குத் தண்ணீர் வைப்பாள், உனக்கு நினைவிருக்கும். இந்தச் சத்தத்துக்கும் அவளுக்கு அதே பழக்கம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை. ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். கார்க் கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன். நீ இறங்குகிறாயா என்று காருக்குள் எட்டிப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் டீத் தண்ணீர் வைத்திருந்த அடுப்பை அணைத்துவிட்டாள்.

புது ஸ்பிரிங் நாலுக்கும் சைலன்சருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், சக்கரம் குரியாச்சன் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், வந்ததும் கிரீஸ் தடவிப் பரணில் வைப்பேன். லீவு கிடைத்தால் வா. வரும்போது காரை நீ எப்படி வைத்துக்கொண்டாலும் சரி, வளைவில் மட்டும் மெதுவாகத் திரும்பு, அம்மச்சி டீக்குத் தண்ணீர் வைக்கட்டும். மாதா உன்னைக் காக்கட்டும், வேளா வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மச்சிக்குத் தனியாக ஒரு போன் செய், நான் எழுதியதைச் சொல்லாதே.

உன் அப்பச்சன்,
மாத்தச்சன்.