அட்டைக்குள் போன முதுகு

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அம்மா சௌக்கியம். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, மனசுதான் சரியில்லை. ஏழு தடவை போன் போட்டும் நீ எடுக்காததால் இதை எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு கிடந்தபோது, அறுபத்தைந்து வருஷப் பழசான அந்த மில் வாசல் படத்தை ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய், அட்டையில் ஒட்டி, லேமினேஷனும் போட்டு, கல்யாணப் போட்டோ மாதிரி பளபளவென்று மாட்டி வைத்தாய். கட்டு அவிழ்த்ததும் அப்பா அதைப் பார்க்கணும் என்று உனக்கு ஆசை. சரி. ஆனால் பழைய படம் வாங்கிச் சேர்க்கிறவன் படத்தின் முகத்துக்கு முன்னால் அதன் முதுகைப் பார்ப்பான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எடுத்தவர் முத்திரை, தேதி, பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதானே இருக்கும்.

நேற்று ஸ்டூடியோக்காரரிடம் பிரிக்கச் சொன்னேன். சூட்டில் ஒட்டியது சார், பிரித்தால் படமே உரிந்து வந்துடும் என்று கைவிரித்துவிட்டார். பைப் கடை வைத்திருக்கிற எனக்கு எதுக்கு இந்தப் பழைய படப் பைத்தியம் என்று வேறு ஒரு பார்வை.

கட்டு அவிழ்த்து வீடு வந்த அன்று நான் கத்தியது அதிகம்தான். கண் ஆபரேஷனோடு வாய்க்கும் ஒன்று பண்ணியிருக்கலாம் என்று உன் அம்மா தினமும் குத்துகிறாள். நீ சாப்பிடாமல் பஸ் ஏறியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். புதுக் கண்ணில் முதலில் தெளிவாகத் தெரிந்தது அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் முதுகில் இருந்த அந்தப் பென்சில் குறிப்பை நான் படித்ததே இல்லை. வாங்கிய அன்று கண்ணில் புரை. நீதான் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வாசித்தாய். படத்தில் ஷிப்ட் முடிந்து வரும் நாலு பெண்களின் பெயரும் இருந்தது. டிபன் டப்பாவோடு கேமராவை முறைக்கிறவளைப் பற்றி ஒரு வரி. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, வரி வரமாட்டேன் என்கிறது. இனி அது உன் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

அட்டைக்குப் பின்னால் பழைய குறிப்பு மாதிரி எழுதச் சொல்லமாட்டேன். அது கள்ள வேலை. தனிச் சீட்டில், மகள் நினைவிலிருந்து எழுதியது என்று போட்டு உறையில் வைப்போம். தபாலில் அனுப்பாதே, தொலைந்தால் வேறு பிரதி கிடையாது. நேரில் வந்து எழுது. பென்சில் சீவி வைத்திருக்கிறேன். கத்தமாட்டேன் என்று உன் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கவில்லை. நீ மாட்டின இடத்திலேயே இருக்கிறது.

நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா