இரண்டாம் தடவை சொன்னது

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் கடிதம். அப்பா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாதிருந்த குட்டி இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அத்தையைத் தேடுகிறாளா?

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களைப் பற்றிய என் ஆவணப்படம் எடிட்டிங்கில் நிற்கிறது, உங்கள் பேட்டியில். மைக்கை ஆன் செய்யாமல் விட்டது என் தப்புதான். முதல் தடவை, "உங்கண்ணன் டிப்ரஷன் மாத்திரையை நிறுத்தினது எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதேன்னார், நானும் சொல்லலை" என்று அழுதீர்கள். மைக்கைப் போட்டுத் திரும்பக் கேட்டதும், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றீர்கள். பதிவானது அது மட்டும்தான்.

உண்மையைச் சொன்னால் இன்னொரு வீட்டில் யாராவது நேரத்தோடு டாக்டரிடம் ஓடுவார்கள். கேமராவோடு வரட்டுமா?

உங்கள் நாத்தனார்

மார்ச் 11

அன்புள்ள டைரக்டரம்மாவுக்கு,

குட்டி சாப்பிடுகிறாள். உன்னைக் கேட்காத நாளில்லை.

பத்து வருஷமாகப் படம் எடுக்கிறவளுக்கு மைக்கைப் போடத் தெரியவில்லை. அன்று எனக்கும் வாய் தவறிவிட்டது. மறுபடி சொன்னால், "ஏன் நிறுத்தினார்?" என்று அடுத்து நீ கேட்பாய். அது உன் தொழில். உன்னிடம் கேமராமேனாக இருந்தவர் அவர். மாத்திரையால் கை நடுங்கியது. படப்பிடிப்பில் எல்லார் முன்னாலும், "இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிண்ணா ஃபோகஸ் பண்ணுவே?" என்றாய். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். மறுநாளிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை.

டாக்டரிடம் நான் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார். சொல்லாதது என் பாவம். அதில் உன்னையும் இழுத்துவிட மனசு வரவில்லை. நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய்.

வராதே.

அண்ணி

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதுவதும் கிழிப்பதுமாக மூன்று வாரம் போய்விட்டது. நான் அப்படிக் கேட்டது நினைவிருக்கிறது. அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நேற்று கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, என் அலுவலகத்தில் பேட்டிக்கு நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து, அண்ணனிடம் நான் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பேட்டியை நீக்கிவிட்டேன். ஜூனில் படம் வெளிவருகிறது. அதற்கு முன்னால் குட்டியிடம் நானே சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது அண்ணி. வரலாமா?

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 12

உன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வா, கேமரா வேண்டாம். குட்டிக்குப் பதின்மூன்று வயதாகிறது, சொன்னால் புரியும். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். நான் குறுக்கே வந்து உன்னைக் காப்பாற்ற மாட்டேன்.

அண்ணி