தட்டினால் விட வேண்டும்

சோப்புத்தூளில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்ட பிறகும் என் பயிற்சி உடுப்பின் கையில் அந்த ஆளின் சென்ட் வாடை போகவில்லை. பழைய வியர்வையின் மேல் சென்ட்டைக் கொட்டிக்கொண்டு வருகிற நாற்றம். நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, குளிச்சிட்டு வரச் சொல்லுட்டி" என்று வாசலிலேயே நிறுத்தியிருப்பாய். நீதான் இல்லையே. போன மழைக்குக் காய்ச்சல் என்று படுத்தவள் அப்படியே போய்விட்டாய். இந்தக் கண்றாவியை உனக்கு எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஆள் யாரென்று உனக்குத் தெரியும். தென்காசியில் நாம் ஜியு ஜிட்சு பிடிசண்டை பழகி உருண்ட மாடி அறையை நமக்கு வாடகைக்கு விட்ட ஜிம்காரன். ஒரு நாள்கூட நாம் விரித்துப் பழகிய ரப்பர் மேட்டில் கால் வைத்தவன் இல்லை. பெண்கள் மட்டும் என்று நீ கதவைச் சாத்திவிடுவாய். இப்போது அவன் மாஸ்டராம். குற்றாலத்தில் சீசன் கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, உன் நினைவாக மூன்று நாள் ஜியு ஜிட்சு முகாம் என்று பேனர் கட்டிவிட்டான். நான் உன் சிநேகிதி, போலீஸ்காரி வேறு. அதனால் கடைசி நாளில் பெல்ட் கட்டிவிட என்னைக் கூப்பிட்டான். உன் பெயர் போட்டிருக்கிறதே என்று உடுப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் உன் படம். சந்தனப் பொட்டு, ரோஜா மாலை, முன்னால் குத்துவிளக்கு. கடையநல்லூர் முஸ்லிம் வீட்டுப் பெண் நீ, கல்யாண வீட்டில் யாராவது போனை நீட்டினாலே முக்காட்டை இழுத்து முகத்தை மறைப்பவள்! பக்கத்து மேசையில் நீல பெல்ட்டுகளை அடுக்கி வைத்திருந்தான். அபுதாபியில் பெண்கள் வகுப்பில் அந்த நீலத்தை வாங்க உனக்கு வருஷக்கணக்கானது. இங்கே மூன்றே நாள். என் கையால் கட்டினால் நீ கட்டியதாகவே ஆகிவிடும்; அதற்குத்தான் நான்.

என்னை நீ என்ன பாடு படுத்தினாய்! மல்லாந்து படுத்து, இடுப்பை நகர்த்தி, திரும்பி, மறுபடி நகர்த்தி, மாசக்கணக்காக அது ஒன்றுதான். ஸ்டேஷன் டூட்டி முடிந்து அசந்துபோய் வருகிறவளுக்கும் அதே பாடம்.

"எத்தனை நாளைக்குட்டி இடுப்பையே நகட்டச் சொல்லுத? ஒரு பிடி சொல்லித் தாயேன்."

"நகட்டு. ஒருத்தன் மேல விழும்போது யோசிக்கவா செய்வ? இடுப்பு தானா நகரணும்."

பிடிகள் வந்தன, கூடவே என் வீம்பும் வந்தது. மூட்டை முறுக்கும் பூட்டில் மாட்டினால் மேட்டில் கையால் தட்ட வேண்டும். போதும், விடு என்று அர்த்தம். நான் தட்டாமல் பல்லைக் கடிப்பேன். நீயே விட்டுவிட்டு ஏசுவாய். "தட்டுதது தோக்குதது இல்லட்டி. கூட உருளுதவ அவ உடம்ப நம்மள நம்பித் தந்திருக்கா. அது அமானிதம், பத்திரமா திருப்பிக் குடுக்க வேண்டிய பொருளு. தட்டுனா அந்த நிமிசமே விடணும்." அதன் பிறகு தட்டுவதையும் விடுவதையும் மட்டுமே சாயங்காலம் சாயங்காலமாகப் பழக்கினாய். எனக்கு அலுத்துப் போகும். உனக்கு அலுக்காது.

மண்டபத்தில் அவன் ஒரு காலேஜ் பிள்ளையைப் படுக்கவைத்துத் தோளை முறுக்கிக் காட்டினான். அவள் படபடவென்று தட்டினாள். அவன் விடவில்லை. படமெடுத்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைவிடக் கேவலம், முன்வரிசையில் இருந்ததுகள் அவள் தட்டுகிற வேகத்துக்குச் சேர்ந்து கை தட்டின! அதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டன போல. பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "விடுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் விட்டான்.

"வீடியோவுக்காக ரெண்டு செகண்ட் மேடம், அவ்வளவுதான்" என்று இளிக்கிறான். த்தூ.

"அதே பிடிய எனக்குப் போட்டுக் காட்டுங்க மாஸ்டர்" என்று மேட்டில் போய்ப் படுத்தேன். அத்தனை போன் பார்க்கும்போது மாட்டேன் என்பானா? அந்த நாற்றத்தோடு மேலே சரிந்தான். என் இடுப்பு நகர்ந்ததே எனக்குத் தெரியாது. பார்த்தால் அவன் கை என் இரண்டு கைக்குள், அவன் முழங்கை என் இடுப்பின் மேல். இடுப்பைக் கொஞ்சம் தூக்கினேன். தட்டினான்.

விடக் கூடாது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அந்தப் பிள்ளை பட்டதை இவனும் படட்டும், முழங்கை போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கை திறந்துவிட்டது.

பெல்ட் ஒன்றையும் நான் தொடவில்லை. மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உன் படத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். தென்காசி வருவதற்குள் அவன் மேலிருந்த கோபமெல்லாம் உன் மேல் திரும்பிவிட்டது. அப்படிப்பட்ட அற்பப் பயல் தட்டினாலும் திறக்கும்படி என் கையைப் பழக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, பாவி.