வால் கொழுப்புச் சத்தியம்

கெகென்,
செப்டம்பர் 4

அன்புள்ள சம்பந்தி குல்யாயிம் அவர்களுக்கு, பிபிசாரா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. கொழுப்பு ஏறி வால் ஒவ்வொன்றும் தலையணை மாதிரி. உங்கள் வீட்டில் தங்கி ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிற நம் பேத்தி இங்கார் வேளைக்குச் சாப்பிடுகிறாளா? பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்தேன்: "நான் அஞ்சாவதோட ஆட்டுக்குப் பின்னால போனவ. என் பேத்தி புற்றுநோயையே கண்ணாடித் தட்டுல வச்சு வளர்க்கிறா!" அதற்கு அந்த மண்டு, "அதை எதுக்கு வளர்க்கணும், கொல்ல வேண்டியதுதானே?" என்கிறாள். முறைத்துவிட்டு வந்தேன். இங்காரிடம் கேட்டு எழுதுங்கள்.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். போனில் பேசினால் வீடே கேட்கும். அதனால்தான் வேன் ஓட்டுகிற சபர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என் இடது மார்பில் ஒரு கட்டி. வசந்தத்தில் பட்டாணி அளவு. இப்போது வாதுமைக் கொட்டை அளவு. கடைசி மகன் யெல்தோஸுக்கு அக்டோபர் இருபதில் நிச்சயம். பெண்ணுக்குத் தோடு போட்டாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் வால் கொழுப்பும் கல்லீரலும் ஊட்டிக்கொண்டால் அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அதற்குள் மாமியாருக்குக் கெட்ட நோய் என்று தெரிந்தால் பெண் தருவார்களா? பிள்ளை குட்டிக்கும் வரும் என்று பயப்படுகிற ஊர் இது.

நீங்கள் பயப்படாதீர்கள். தினமும் காலையில் வால் கொழுப்பை உருக்கி ஒரு கிண்ணம் குடிக்கிறேன். என் உடம்பில் சதை இருக்கிறது. நோய் என்னைத் தின்று முடிக்க நாளாகும்.

என் மூத்தவனுக்கும் உங்கள் மகளுக்கும் நிச்சயம் செய்த அன்று, இருபத்தாறு வருடத்துக்கு முன், நாம் ஊட்டிக்கொண்ட கொழுப்பின்மேல் ஆணை. யாரிடமும் சொல்லக்கூடாது. இங்காரிடமும்தான்.

உங்கள் சம்பந்தி,
பிபிசாரா


அல்மாட்டி,
செப்டம்பர் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

அந்த ஆணையை என் தலையில் ஏன் வைத்தீர்கள்? கடிதத்தை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டம்மாவுக்குக் கட்டி என்று சொல்லி இங்காரிடம் கேட்டேன். "எந்தப் பக்கத்து வீடு? நாளைக்கே கூட்டிட்டு வா பாட்டி" என்று பிடித்துக்கொண்டாள். பேச்சை மாற்றுவதற்காக உங்கள் கேள்வியைக் கேட்டேன். வளர்த்தால்தான் அது யாரோடு என்ன பேசுகிறது என்று கேட்க முடியுமாம். அவள் கேட்பது கொழுப்போடு அது பேசுகிற பேச்சை. நோய் கொழுப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேதி அனுப்புமாம். கொழுப்பு உடனே இளகி, சேர்த்து வைத்ததை எல்லாம் எடுத்துக் கொடுக்குமாம். கூடவே "வளரு, வளரு" என்று பதில் சேதியும் அனுப்புமாம்.

"நம்ம ஜனம் மாதிரிதான் பாட்டி. வாசல்ல வந்து நின்னவன் யாருன்னு கேக்காம ஆட்டை அறுக்கிறோமே, அப்படி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்பில் பெரும்பாலும் கொழுப்புதானாமே. உங்கள் கட்டி அந்த வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

கிண்ணத்தைப் பற்றியும் கேட்டேன். "கொழுப்பு குடிச்சு எந்தக் கட்டியும் கரையாது. கத்தி வேணும், மருந்து வேணும்" என்றாள்.

பகல் முழுக்க அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டு வந்து என் மடியில் தலை வைக்கிறாள். நான் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்துவிடுங்கள்.

குல்யாயிம்


கெகென்,
செப்டம்பர் 21

அன்புள்ள சம்பந்திக்கு,

என் கொழுப்பையா சொல்கிறாள்? ஐந்து பிள்ளை பெற்ற உடம்பு இது. உங்களைப் போல ஒட்டடைக்குச்சிகளுக்கு அதன் அருமை எப்படித் தெரியும்? பேத்தி கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளுக்குத் தெரியாததும் இருக்கிறது. நான் இல்லாமல் இந்த வீட்டில் நிச்சயம் நடக்காது.

பெண்ணின் அம்மா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் தங்கிப் போனாள். என் நடையை, கையை, எல்லாவற்றையும் பார்த்தாள். இடது கையை உயர்த்த முடியவில்லை. அண்டாவை வலது கையாலேயே இறக்கினேன். "நல்ல தெம்பும்மா உங்களுக்கு" என்றாள். சிரித்தேன்.

ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் அழுவதற்கு ஒரு மூலை கிடையாது. பட்டிக்குள் ஆடுகளுக்கு நடுவே நின்றுதான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு மாதம். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

பிபிசாரா


அல்மாட்டி,
அக்டோபர் 2

சம்பந்தி,

இன்று வேறு எதுவும் எழுதவில்லை. அக்குளில் கை வைத்துத் தடவிப் பாருங்கள். "பக்கத்து வீட்டம்மாவை" அப்படிப் பார்க்கச் சொல் என்றாள் இங்கார். ஏதாவது தட்டுப்பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாதாம்.

குல்யாயிம்


கெகென்,
அக்டோபர் 6

சம்பந்தி,

இருக்கிறது. இரண்டு. இன்னும் பதினாலு நாள்தான்.

பிபிசாரா


அல்மாட்டி,
அக்டோபர் 8

பிபிசாரா அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன்.

இங்கார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?" என்றாள். "ஒரு மாசமா" என்றேன். "நான் தினம் உன் மடியிலதானே பாட்டி படுத்திருந்தேன்?" என்றாள். ஈரக் கையோடு எழுந்து போய்ப் பையில் துணியை அடுக்க ஆரம்பித்தாள்.

சபரின் வேனில் இந்தக் கடிதத்தோடு அவளும் வருகிறாள். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் எதிரில் நிற்பாள். வேனில் ஏறுங்கள். நிச்சயம் நடந்தாலும் நின்றாலும் ஏறுங்கள்.

சாப்பிட்ட கொழுப்புக்குத் துரோகம் செய்துவிட்டேன். இனி நீங்கள் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட வேண்டாம்.

குல்யாயிம்


அல்மாட்டி, ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி,
நவம்பர் 17

குல்யாயிம் அவர்களுக்கு,

போன வியாழன் அறுத்தார்கள். இந்த அறையில் ஜன்னல் திறக்காது. வெளியே பனி விழுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தார். இங்கார் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். நான் படிப்பு இல்லாதவள்தான். ஆனாலும் புரிந்தது. இனி மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டுமாம்.

பெண் வீட்டார் தோட்டைக் கைக்குட்டையில் முடிந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். யெல்தோஸ் வந்து இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். "என் மேல கோபமாடா?" என்றேன். "நீ சொல்லாமலே செத்திருந்தா இதைவிடக் கோபம் வந்திருக்கும்" என்றான். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான்.

அறுப்பதற்கு முன் இங்கார் ஒரு காகிதம் கொண்டு வந்தாள். வெட்டி எடுக்கிற கொழுப்பை அவளுடைய ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று அதில் இருக்கிறதாம். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு பாட்டி." "நீ படிச்சது போதும், பேனாவைக் கொடு" என்றேன். இப்போது என் கொழுப்பு அவள் தட்டில் இருக்கிறது. அந்த நோயோடு இத்தனை நாள் என்ன பேசியது என்று கேட்கட்டும். நான் மறைத்ததை அதுவாவது அவளிடம் சொல்லட்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆணையை மீறினீர்கள். மீறாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரமாக நீங்கள் தினமும் வந்து கீழ்த்தளத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறீர்களாம், நர்ஸ் சொன்னாள். அந்த ஒல்லி உடம்புக்குக் குளிர் ஆகாது. வெள்ளிக்கிழமை மேலே வாங்க. கல்லீரல் வதக்கிக் கொண்டு வாங்க. கொழுப்பு வேண்டாம், இப்போதைக்குச் சாப்பிடக்கூடாது என்கிறார்கள். கொழுப்பு இல்லாமல் ஊட்டினால் அது சத்தியம் ஆகாது என்பார்கள். ஆகவேண்டாம்.

எனக்குப் பசிக்கிறது, சம்பந்தி.

பிபிசாரா